மிக்ஸருக்குள் ஒரு மண்டபம்

சங்கீத வித்வான் ஒருவர் மேடையில் அமர்ந்து பாடும்போது நம் செவியில் விழும் நாதம் முழுவதும் அவருடைய கண்டத்திலிருந்து நேராக வருவதன்று. நேர்க்கோட்டில் வரும் சப்தம் முதலில் நம்மை அடைய, அதன் பின்னே பக்கச் சுவரில் பட்டுத் திரும்பியதும், விதானத்தில் மோதி இறங்கியதும், தூண்களில் சிதறியதும் முதலில் தனித்தனியாகவும், பிறகு பத்துப் பதினைந்தாகவும், பிறகு எண்ணிக்கைக்கு அடங்காத கூட்டமாகவும் வந்து சேர்ந்து, மூலக் குரலைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்று, மெல்லத் தேய்ந்து மறைகின்றன. பௌதிக சாஸ்திரம் இதை எதிர்முழக்கம் என்கிறது. தொலைவிலுள்ள மலை நம் கூவலை ஒரு தடவை தனியாகத் திருப்பித் தருவது எதிரொலி. மண்டபம் தருவதோ ஆயிரக்கணக்கான எதிரொலிகளை, அவற்றுக்கு நடுவே இடைவெளி என்பதே தெரியாதபடி நெருக்கமாக அடுக்கி. செவி அவற்றைப் பிரித்து எண்ணுவதில்லை. பாடுகிறவர் எப்படிப்பட்ட இடத்தில் இருந்து பாடுகிறார் என்ற ஒரே அநுபவமாக அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

ஒலிபெருக்கி வந்த பிறகு இந்த அநுபவத்துக்குக் குறை நேர்ந்தது. வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் நிற்கும் மைக், குரலைத்தான் வாங்கிக்கொள்கிறதே தவிர, கூடம் குரலுக்குச் சேர்க்கும் செழுமையை அநேகமாக வாங்கிக்கொள்வதில்லை. திறந்த வெளியில் போட்ட பந்தலிலோ, சுவரே இல்லாதபடியால், வாங்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆகவே ஸ்பீக்கரில் கேட்கும் குரல், சுருதி சுத்தமாகவும் அட்சரம் தெளிவாகவும் இருந்தாலும், ஈரம் வற்றியதாக ஒலிக்கிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் ரிவெர்ப் என்னும் செயற்கை எதிர்முழக்கத்தை மிக்ஸரில் சேர்க்கிறார்கள். நம் ஊர்களில் ‘எக்கோ’ என்ற பெயரால் எல்லோரும் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் கேட்டு வாங்குகிற விதத்தில்தான் தவறு நேர்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். நகைக்கு மேல் நகை அணிவிப்பதாக நினைத்து, பாட்டுக்கும் பேச்சுக்கும் மிருதங்கத்துக்கும் வரவேற்புரைக்கும் ஒரே அளவாக அதைப் பூசிவிடுகிறார்கள். எதிர்முழக்கம் குரலுக்கு அணியன்று, அதற்கு இருப்பிடம். இன்ன அளவுள்ள, இன்ன சுவருள்ள, இத்தனை பேர் அமர்ந்த ஓர் இடத்தை மிக்ஸருக்குள் கட்டி, மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் அவரவருக்கு ஏற்ற அளவில் அதற்குள் அமர்த்துவதே ரிவெர்ப் அமைப்பது என்பதன் பொருள். அப்படிப் பார்க்கத் தொடங்கினால், திரையில் காணும் புரியாத பெயருள்ள திருகுகள் யாவும் சுவராகவும் தரையாகவும் ஜமக்காளமாகவும் தம்மை விளக்கிக்கொண்டு நிற்கும்.

கட்டடத்துக்கும் நாதத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையின் பௌதிக ஆசிரியர் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895-இல் அங்கே ஃபாக் கலைக்கூடம் புதிதாகத் திறக்கப்பட்டபோது, அதன் சொற்பொழிவு அறையில் பேசுகிறவர் என்ன பேசுகிறார் என்றே விளங்கவில்லை. குற்றத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்கும்படி சர்வகலாசாலைத் தலைவர் சார்லஸ் எலியட், அப்போது இருபத்தேழு வயதே நிரம்பியிருந்த சபைனிடம் ஒப்படைத்தார். ஊர் அடங்கிய இரவு வேளைகளில், ஓர் ஆர்கன் குழாயை ஊதச் செய்து, அதை நிறுத்திய கணத்திலிருந்து சப்தம் அறவே மறையும் வரையில் எத்தனை நேரம் ஆகிறது என்று தம் செவியையே துலாக்கோலாகக் கொண்டு அவர் அளந்தார். ஏறக்குறைய ஐந்தரை வினாடி ஆயிற்று. சாதாரணமாகப் பேசுகிறவர் ஒரு வினாடியில் நாலைந்து அசைகளைச் சொல்லிவிடுகிறார். எனில், அந்த அறையில் முதலில் சொன்ன அசை அடங்குவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட அசைகள் அதன்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தன.

அருகிலிருந்த ஸாண்டர்ஸ் நாடக அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அறையில் பரப்பி அளப்பதும், விடிவதற்குள் அவற்றை மீண்டும் கொண்டுபோய் அவ்வவ்விடத்தில் சேர்ப்பதுமாக உதவியாளர்களோடு அவர் பட்ட பாடு சாமானியமானதன்று. மெத்தைகளைக் கூட்டக் கூட்ட, முழக்கம் நிற்கும் நேரம் ஓர் ஒழுங்கில் குறைந்துகொண்டே போயிற்று. கடைசியில் அவர் கண்ட விதி எளிமையானது: கூடத்தின் கன அளவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள பொருள்கள் ஒலியை விழுங்கும் திறனால் அதை வகுத்தால், முழக்கம் நிற்கும் நேரம் கிடைத்துவிடும். மீட்டர்க் கணக்கில் செய்கிறவர்கள் 0.161 என்னும் எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒலியின் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபல் இறங்க, ஆகும் நேரமே இந்த நேரம். ஒலி பட்டால் சிறிதும் திரும்பாமல் வெளியே போய்விடுகிறபடியால், திறந்த ஜன்னலையே அவர் விழுங்கும் திறனுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார். இந்த விதியைக் கொண்டு அவர் ஆலோசனை சொல்லிக் கட்டப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டு, இன்றளவும் உலகின் மிகச் சிறந்த சங்கீத மண்டபங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டு வருகிறது.

சபைனுடைய கணக்கை நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தால், மைக்செட் வைப்பவர்கள் அன்றாடம் படும் சங்கடத்தின் காரணம் உடனே விளங்கும். முப்பது மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் உயரமும் உள்ள ஒரு மண்டபத்தைக் கற்பித்துக்கொள்வோம். கன அளவு 2,700 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 1,440 சதுர மீட்டர். பளபளக்கும் கிரானைட் தரையும் பூசிய சுவரும் தம்மேல் படும் ஒலியில் இருபதில் ஒரு பங்கைத்தான் விழுங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், காலி மண்டபத்தில் முழக்கம் ஆறு வினாடி நிற்கும். இது சபைனைத் திகைக்க வைத்த அறையைவிட மோசம். அறுபது சதுர மீட்டர் அளவுக்கு ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த மாத்திரத்தில் அது மூன்றரை வினாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஜன்னல்கள் மூடியே இருந்தாலும், ஐந்நூறு பேர் வந்து அமர்ந்துவிட்டால், ஒவ்வொருவரும் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான திறந்த ஜன்னலுக்குச் சமானம் ஆகிறபடியால், அதே மண்டபத்தில் முழக்கம் ஒன்றரை வினாடியில் அடங்கிவிடும்.

காலை பத்து மணிக்குக் காலி மண்டபத்தில் சோதனை பார்த்து அமைத்த ரிவெர்ப், மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நிரம்பியதும் போதாமல் போவதற்கும், காலையில் பாடகர் ‘சிறிதும் வேண்டாம்’ என்று கையசைத்துவிட்டு மாலையில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பதற்கும் இதுவே காரணம். அதைவிட முக்கியமானது மற்றொன்று உண்டு. மிக்ஸரால் ஒரு மண்டபத்தைக் கூட்ட முடியும். இருக்கிற மண்டபத்தைக் கழிக்க முடியாது. மூன்று வினாடி முழங்கும் கூடத்தில் ரிவெர்ப் திருகைத் தொடுவதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய காரியங்கள் பல. ஸ்பீக்கர்களைச் சுவரையும் கூரையையும் பார்த்து நிற்க விடாமல் ஜனங்களின் தலையை நோக்கிச் சற்றுத் தாழ்த்திச் சாய்க்க வேண்டும். மேடையில் ஜமக்காளம் விரிக்க வேண்டும். பின்சுவரில் கனத்த திரை தொங்கவிட இடமுண்டா என்று பார்க்க வேண்டும். மொத்த ஒலியைக் குறைக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் செயற்கை முழக்கத்தையும் சேர்ப்பவர், கலங்கிய ஒலியை மேலும் கலக்கியவரே ஆவார்.

மண்டபத்தை இயந்திரத்துக்குள் அடைக்கும் முயற்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆதியில் அதற்கு வேண்டியிருந்தது உண்மையான ஓர் அறையே. சிகாகோவில் பில் புட்னம் என்னும் ஒலிப்பதிவாளர் 1947-இல், ஹார்மோனிகா வாசிக்கும் ஒரு குழுவினரின் இசைத்தட்டுக்காக, ஓடு பதித்த குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, பதிவான ஒலியை அங்கே முழங்கவிட்டு மீண்டும் பிடித்துச் சேர்த்தார். அந்தத் தட்டு அமோகமாக விற்றது. பத்து ஆண்டு கழித்து, 1957-இல், ஜெர்மனியில் இ.எம்.டி. நிறுவனம் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதை அதிரச் செய்து முழக்கம் எடுத்தது. அறை வேண்டியதில்லை என்றாலும், பெட்டியும் சட்டமுமாக அதைத் தூக்க நாலைந்து ஆட்கள் வேண்டியிருந்தார்கள். இன்றைய மிக்ஸரில் ‘ப்ளேட்’ என்ற பெயரில் இருக்கும் எஃபெக்ட் அந்தத் தகட்டின் சந்ததியே.

கணிதத்தைக் கொண்டே முழக்கத்தை உண்டாக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சி சாலையில் பணியாற்றிய மான்ஃபிரெட் ஷ்ரோடர். 1961, 62-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சியில், எண்களாக மாற்றிய ஒலியைப் பலவித கால அளவுகளில் தாமதப்படுத்தி, சுழலவிட்டுச் சுழலவிட்டுக் குறைத்து, இயற்கையான கூடத்தின் நெருக்கத்தை எட்டும் வழியை அவர் வகுத்தார். வினாடிக்குச் சுமார் ஆயிரம் எதிரொலியாவது இருந்தால்தான் செவிக்குப் படபடப்பு இன்றி வழுவழுப்பாக ஒலிக்கும் என்பதும் அவர் கண்டதே. விற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் ரிவெர்ப் சாதனம் என்று சொல்லத்தக்க இ.எம்.டி. 250, 1976-இல் வந்தது. 1978-இல் லெக்ஸிகன் 224 வந்தது. பெரிய ஒலிப்பதிவு நிலையங்கள் மட்டுமே விலை கொடுக்கக்கூடியதாக இருந்த அந்த வித்தை, இன்று ஊருக்கு ஒருவராவது வைத்திருக்கும் டிஜிட்டல் மிக்ஸருக்குள் பல அறைகளாகக் குடியேறியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 2012-இல் பெஹ்ரிங்கர் நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்32 மிக்ஸரை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு எஃபெக்டுகளை ஒரே காலத்தில் இயக்கலாம். ஒலியைப் பிரித்துக் கொண்டுபோகும் பஸ் என்னும் பதினாறு வழிகளுள் 13 முதல் 16 வரை உள்ளவை, நிறுவனத்தார் அமைத்து அனுப்புகிறபடியே, முதல் நான்கு எஃபெக்டுகளுக்குப் போகின்றன. ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால் வேறொரு நிலத்தை நனைத்துவிட்டு மீண்டும் ஆற்றிலேயே வந்து கலப்பதுபோல, பாடகரின் மைக் வந்து சேரும் சானலிலிருந்து ஒரு பகுதி ஒலி 13-ஆம் பஸ் வழியாக எஃபெக்டுக்குள் சென்று, முழக்கமாக மாறி, ரிட்டர்ன் என்னும் தனிச் சானலின் ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோல்) வழியே பிரதான ஒலியோடு சேர்கிறது. ஒவ்வொரு சானலுக்கும் தனித்தனி ரிவெர்ப் வைக்காமல் இப்படிப் பொதுவான ஒன்றை வைத்து எல்லோரையும் அதற்குள் அனுப்புவதுதான் முறை. பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஒரே மேடையில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மண்டபத்தில் இருப்பதாகச் செவிக்குத் தோன்றலாகாது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் மூன்று. சானலிலிருந்து பஸ்ஸுக்கு அனுப்பும் பங்கு, அதாவது சென்ட், எப்போதும் ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால், பாடகரின் ஃபேடரை இறக்கிய பிறகும் அவருடைய முழக்கம் மட்டும் ஆளில்லாமல் கூடத்தில் அலைந்துகொண்டிருக்கும். எஃபெக்டுக்குள் ‘மிக்ஸ்’ என்ற திருகு இருக்குமானால், அதை முழுமையாக முழக்கத்தின் பக்கமே திருப்பி வைக்க வேண்டும். மூலக் குரலும் அதன் வழியே வந்தால், நேராக வரும் குரலோடு மிகச் சிறிய கால வித்தியாசத்தில் சேர்ந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோன்ற போலித் தொனியை உண்டாக்கும். மூன்றாவதாக, ரிட்டர்ன் சானலிலிருந்து அதே 13-ஆம் பஸ்ஸுக்குப் போகும் சென்ட் அடியோடு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது திறந்திருந்தால் எஃபெக்டிலிருந்து வெளிவந்த ஒலி மீண்டும் எஃபெக்டுக்கே போய், நிற்காமல் சுழன்று வளர்ந்து, கச்சேரியின் நடுவே பெரும் ஊளையாக வெடித்துவிடும்.

இனி அறையைக் கட்டுவோம். சோதனைக்காகப் பாடகரை ஒரு சிறிய ஸங்கதியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிவிட்டு, அவருடைய சானலைப் பிரதான ஸ்டீரியோ வெளியீட்டிலிருந்து மட்டும் தற்காலிகமாக விலக்கினால், ஃபேடர் மேலே இருப்பதால் சென்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்பீக்கரில் குரல் இல்லாமல் அறை மாத்திரம் கேட்கும். அநேகர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை. செய்து பார்த்தவர்களுக்கு, தாங்கள் இதுவரை கூட்டியதாக நினைத்த இனிமையில் பாதி, மேடைத் தரையின் அதிர்வும், மூச்சின் உறுமலும், ‘ஸ’காரத்தின் சீறலுமாக இருந்தது உடனே தெரிந்துவிடும்.

அந்த அழுக்கை நீக்குவதற்கு இருப்பவை லோ கட், ஹை கட் என்னும் இரண்டு. லண்டன் அபே ரோட் ஒலிப்பதிவு நிலையத்தில் முழக்க அறைக்கு அனுப்பும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதையும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதையும் வடித்துவிட்டு அனுப்பும் வழக்கம் இருந்தது. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். நம் சங்கீதத்தில் ஆண் குரலின் கீழ் ஸ்தாயிக்கு 600 என்பது மிகவும் கடுமையான வடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. 200-இல் தொடங்கி, குரலின் உடம்பு மெலியாமல் மண்டபத்தின் உறுமல் மாத்திரம் அடங்கும் வரையில் மெல்ல ஏற்றிக்கொண்டு போவதே உசிதம். மேற்பக்கத்தில் டாம்பிங் என்னும் திருகும் துணைக்கு இருக்கிறது. உயர்ந்த சுரங்களைக் காற்றும் துணியும் உடம்பும் விரைவில் விழுங்கிவிடுகிறபடியால், மெய்யான கூடத்தில் முழக்கம் தேயத் தேய அதன் பளபளப்பும் குறைந்துகொண்டே போகும். டாம்பிங்கை வேண்டிய அளவு வைக்கிறவர், சபைன் இரவில் சுமந்து வந்த மெத்தைகளைத் தம் கற்பனை அறையிலும் விரிக்கிறார்.

ப்ரீ-டிலே என்பது மூலக் குரலுக்கும் முழக்கத்தின் ஆரம்பத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. ஒலி ஒரு மீட்டர் செல்லச் சுமார் மூன்று மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே முப்பது மில்லிவினாடி விட்டால், நேர் ஒலியைவிடப் பத்து மீட்டர் அதிகமாகச் சுற்றி வந்த பிறகே முதல் பிரதிபலிப்பு வருவதாகப் பொருள். ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஏறக்குறைய இந்த எல்லைக்குள் வரும் பிரதிபலிப்பைச் செவி தனி ஒலியாகக் கொள்ளாமல், முதலில் வந்ததோடு சேர்த்தே கொள்கிறது. ஒலி வந்த திசையையும் முதலில் வந்ததைக் கொண்டே தீர்மானிக்கிறது. இடைவெளியே விடாமல் அமைத்தால் பாடலின் வல்லெழுத்துகள் பிறந்த கணத்திலேயே முழக்கத்துக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. இருபது முதல் நாற்பது மில்லிவினாடி விட்டால், ககரமும் டகரமும் தெளிவாக வெளிப்பட்டு நின்ற பிறகு முழக்கம் வந்து உயிரெழுத்தைத் தாங்கிக்கொள்கிறது. சாகித்தியத்தின் ஒரு சொல்கூட வீணாகலாகாது என்று விரும்புகிற ரஸிகனுக்கு, நான் அறிந்தமட்டில், மிக்ஸரிலுள்ள வேறு எந்தத் திருகும் இவ்வளவு உபகாரம் செய்வதில்லை.

அறையின் அளவைக் குறிக்கும் ஸைஸ், சிதறலைக் குறிக்கும் டிஃப்யூஷன் ஆகியவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சிதறலை மிகக் குறைத்தால் மிருதங்கச் சொற்கள் மணிமணியாகத் திரும்பி வந்து படபடக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். யோசனைக்குரியது டிகே, அதாவது சபைன் அளந்த அதே நேரம்.

அதை நிர்ணயிக்க வேண்டியது பாட்டின் நடையே. ஆதி தாளத்தில் வினாடிக்கு ஓர் அட்சரம் போகிறது என்றும், தனி ஆவர்த்தனத்தில் வித்வான் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வாசிக்கிறார் என்றும் கொள்வோம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே 125 மில்லிவினாடிதான் இருக்கிறது. டிகே இரண்டு வினாடி என்றால் முழக்கம் வினாடிக்கு 30 டெசிபல் வீதம் இறங்கும். அடுத்த சொல் விழுவதற்குள் அது நான்கு டெசிபல்கூட இறங்கியிருக்காது. இவ்வாறு பதினாறு சொற்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, கோர்வையின் கணக்கு கேட்பவனுக்குப் புலப்படாமலே போய்விடும். மாறாக, விளம்ப காலத்தில் விரியும் ராக ஆலாபனைக்கும், தாளக் கட்டில்லாத விருத்தத்துக்கும் அந்த இரண்டு வினாடி பொருத்தமாக இருக்கும். அங்கேயும் பிருகாக்கள் தொடங்கிவிட்டால் அது நீளமே. அதனால் இரண்டு அறைகளைக் கட்டிக்கொள்வது நல்லது. 13-ஆம் பஸ்ஸில் குரலுக்கும் வயலினுக்குமாக ஒன்றரை முதல் இரண்டு வினாடிக்குள் ஒரு ஹால். 14-ஆம் பஸ்ஸில் தாள வாத்தியங்களுக்காக ஒரு வினாடிக்கும் குறைவான ஒரு ரூம். இரண்டும் ஒரே கட்டடத்தின் பகுதிகளாக ஒலிக்க வேண்டுமானால் மிருதங்கத்தை ஹாலுக்குள்ளும் மிகச் சிறிதளவு அனுப்பிவைக்கலாம்.

மிருதங்கத்தில் வலந்தலையையும் தொப்பியையும் தனித்தனி மைக்கில் எடுக்கும்போது, வலந்தலையை மட்டும் ரிவெர்ப்புக்கு அனுப்பி, தொப்பியை அநேகமாக அனுப்பாமல் விடுவது என் வழக்கம். தொப்பியின் கும்காரம் தானே நீண்டு நிற்கும் தன்மையுடையது. அது முழக்கத்தில் சேர்ந்தால் கூடம் முழுவதும் கலங்கிவிடும். தம்பூராவையோ அனுப்பவே வேண்டாம். இடைவிடாமல் ஒலிக்கும் நாதத்துக்கு முழக்கம் சேர்ப்பதால் செவிக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை; அறை மட்டும் எப்போதும் நிரம்பியே கிடந்து, குரலின் முழக்கத்துக்கு வேண்டிய வெற்றிடம் இல்லாமல் போகிறது. ரிவெர்ப் அழகாக ஒலிப்பது பாட்டின் நடுவிலுள்ள மௌனங்களில்தான். பாடகர் ஒரு சுரத்தில் நிறுத்தி மூச்சு வாங்கும் அந்த ஒரு வினாடியில் தேய்ந்து போகும் வால் கேட்டால் அமைப்பு சரி. அந்த வினாடியிலும் ஏதோ ஒரு வாத்தியத்தின் கலங்கல் கேட்டால் எதையோ தேவையில்லாமல் அனுப்பியிருக்கிறோம்.

மேடையிலிருந்து வரும் கோரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரே மானிட்டர். கச்சேரி தொடங்கி இரண்டாவது உருப்படி முடிந்ததும் பாடகர் மிக்ஸரைப் பார்த்து, “தம்பி, மானிட்டர்ல கொஞ்சம் ரிவெர்ப் வைப்பா, தொண்டைக்குச் சிரமமா இருக்கு” என்பார். இதைச் செல்லமான பிடிவாதம் என்று எண்ணுவது பிசகு. தம் குரல் சற்றும் தாங்கலில்லாமல் வறண்டு திரும்பி வருவதைக் கேட்கும் பாடகர், தம்மை அறியாமலே அழுத்திப் பாடத் தொடங்குகிறார்; சிறிது முழக்கம் கேட்டால் கண்டம் தளர்கிறது. ஆனால் மானிட்டரில் ரிவெர்ப் கூட்டுவது அபாயமும் உடையது. ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கும் மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கும் ஒலி சுற்றி வருவதால் உண்டாகும் ஊளை, அந்தச் சுற்றில் நீடித்து நிற்கும் ஒலி கூடினால் இன்னும் சீக்கிரம் பிறந்துவிடும். ஆகையால் ரிட்டர்ன் சானலிலிருந்து மானிட்டர் பஸ்ஸுக்குப் போகும் சென்டைத் திறந்து, வித்வான் தலையசைக்கும் அளவுக்குக் கீழிருந்து மேலாக ஏற்றி, அங்கே நிறுத்திவிட வேண்டும். அவருக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஜனங்களுக்குக் கேட்பதையும் அதே அளவில் உயர்த்த வேண்டியதில்லை. மானிட்டரின் அளவும் பிரதான ஸ்பீக்கரின் அளவும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அமைக்கக்கூடியவை என்பதே டிஜிட்டல் மிக்ஸரின் பெரிய சௌகரியங்களுள் ஒன்று.

பேச்சுக்கு ரிவெர்ப் வேண்டவே வேண்டாம். சபைச் செயலாளர் வரவேற்புரை கூற எழுந்தவுடனே, பாடகரே இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ராகத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவுடனே, முழக்கம் மறைந்தாக வேண்டும். இரண்டு ரிட்டர்ன்களையும் ஒரு மியூட் குரூப்பில் சேர்த்து, ஒரே பொத்தானை விரல் நுனியில் வைத்துக்கொள்வது இதற்குப் போதும். பாடலின் கடைசி சுரம் முழுமையாகத் தேய்ந்து, கரகோஷம் எழுந்த பிறகே அதை அழுத்த வேண்டும். ஹாலின் வால் பாதியில் அறுந்தால் நன்றாகப் பாடியவருக்குச் செய்த அபசாரமாகும்.

இவ்வளவும் காலி மண்டபத்தில் செய்தது. உண்மையான அளவு தெரிவது கூட்டம் அமர்ந்து வர்ணம் முடிந்த பிறகுதான். அப்போது இயக்குபவர் மிக்ஸரை விட்டு எழுந்து, அதைத் தொலைவிலிருந்து இயக்கும் டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கும், பக்கச் சுவர் ஓரத்துக்கும், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உள்ள இடத்துக்கும் நடந்து சென்று கேட்க வேண்டும். ரிட்டர்ன் ஃபேடரை மெல்ல ஏற்றி, ‘இதோ ரிவெர்ப் கேட்கிறது’ என்று தனியாக அடையாளம் தெரிகிற இடத்தை அடைந்து, அங்கிருந்து மூன்று நான்கு டெசிபல் கீழே கொண்டுவந்தால் அநேகமாகச் சரியான ஸ்தானம் கிடைத்துவிடும். அதன் பிறகு கணநேரம் ரிட்டர்னை மூடித் திறந்து பார்த்தால், மூடிய கணத்தில் வித்வான் நம்மை விட்டு இரண்டடி முன்னால் வந்து, வறண்ட வெளியில் தனியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றவில்லையானால் இன்னும் போதவில்லை.

கச்சேரி முடிந்ததும் இந்த அமைப்பை ஒரு ஸீனாக மிக்ஸரில் சேமித்து வைக்கலாம். பஸ் எது, எஃபெக்ட் எது, லோ கட் எவ்வளவு, தொப்பி எங்கே போகவில்லை, மியூட் குரூப் எது என்பவை அடுத்த ஊரிலும் அப்படியே உதவும். டிகே நேரமும் ரிட்டர்னின் அளவும் மாத்திரம் உதவா. அவை இந்த மண்டபத்தின் சுவர்களுக்கும் இன்று வந்த கூட்டத்துக்கும் உரியவை. அங்கே ரிட்டர்ன்களை மூடி வைத்து, கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டி, அந்த ஓசை எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்ட பிறகே அவற்றைப் புதிதாக நிர்ணயிக்க வேண்டும்.